இருபத்தாறாவது நோட்டு

வாங்க மேடம், உள்ள வாங்க. அந்தச் சேர் வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. அமலிதானே பேரு? தனுஷ்கோடி சார் நேத்தே சொல்லிட்டாரு. எங்க துறைத் தலைவர். "புது மேடம் வர்றாங்க, உங்க ரெண்டாம் வருஷத் தமிழ் வகுப்பை அவங்ககிட்ட ஒப்படைச்சிருங்க"ன்னாரு. அதுக்குத்தான் சீக்கிரமே வந்தேன். டீ அப்புறம் சொல்லிக்கலாம். பத்து மணிக்கு மத்தவங்க வந்துட்டா எதையும் பேச முடியாது.

என்னைப் பத்தி சார் என்ன சொன்னாரு? சும்மா சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். சிலபஸ்ல இல்லாததை நடத்துனாங்கன்னு சொல்லியிருப்பாரே. அது பொய் மேடம். இந்தாங்க, நீங்களே பாருங்க, நாலாம் அலகு. 'ஆசிரியர் தேர்ந்தெடுக்கும் புதினம் ஒன்று.' அச்சடிச்சே இருக்கு. பத்தொன்பது வருஷமா நாவல் நடத்துறவ நான். ஒரு நாவலைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரியாதா?

நான் எடுத்தது இளையோர் நாவல். நூத்திப் பத்துப் பக்கம், சின்னது. வேணின்னு ஒரு பொண்ணு, ஒன்பதாவது படிக்கிறா, கபடி ஆடுவா. டியூஷன் எடுக்கிற சார் அவகிட்டத் தப்பா நடந்துக்கிறாரு. அவ பேச்சைக் குறைச்சுக்கிறா. விளையாட்டை விடுறா. கடைசி அத்தியாயத்துல கூடப் படிக்கிற பொண்ணு ஒருத்தி கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி ஹெட்மிஸ்ட்ரஸ் ரூம் வாசல்ல நிறுத்துறா. அவ்வளவுதான் கதை. அசிங்கமா ஒரு வரி கிடையாது.

ஏன் அதை எடுத்தேன்னு கேளுங்க. போன வருஷம் விழிப்புணர்வுக் கூட்டம்னு ஒண்ணு வெச்சாங்க. ஒரு அதிகாரி வந்து ஒரு மணி நேரம் சட்டம் பேசுனாங்க. பொண்ணுங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு துப்பட்டா நுனியை முறுக்கிட்டு இருந்துச்சுங்க. பசங்க பின் பெஞ்சுல சிரிச்சானுங்க. கடைசில எல்லாரும் நின்னு உறுதிமொழி எடுத்தோம், பிஸ்கட் குடுத்தாங்க, முடிஞ்சுபோச்சு. எனக்கு மனசே ஆறல. நேரா கேட்டா யாரு மேடம் வாயத் திறப்பா? கதைன்னா பேசுவாங்க. கதைல வர்ற பொண்ணைப் பத்தித்தானே பேசுறோம், நம்மளைப் பத்தி இல்லையேன்னு ஒரு தைரியம் வரும்.

அதனால மொத நாளே சொல்லிட்டேன். இங்க யாரும் யாரோட சொந்த விஷயத்தையும் கேக்கக் கூடாது. வேணியைப் பத்தி மட்டும்தான் பேச்சு. எழுதும்போதும் உங்களுக்குத் தெரிஞ்சவங்களை அப்படியே எழுதாதீங்க, ஆளை மாத்துங்க, ஊரை மாத்துங்க. கதைல வர்றவளையும் எழுதுறவளையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாதுன்னு போர்டுலயே எழுதிப் போட்டேன். எல்லாம் அதுங்க பாதுகாப்புக்குத்தான். வேற எதுக்கு?

நாலாவது வகுப்புல ஒரு பையன் எந்திரிச்சான். கம்ப்யூட்டர் சயின்ஸ் பையன், கெட்டவன் இல்ல. "மேடம், வேணி ஏன் கத்தல? கத்தியிருந்தா ஆள் வந்திருக்கும்ல"ன்னான். நான் பதில் சொல்லல. நாம சொல்லக் கூடாது, அதுங்களாச் சொல்லணும். அப்ப மூணாவது பெஞ்சுலருந்து ஒரு பொண்ணு, உக்காந்த வாக்குலயே, "கத்துனா யாரு ஓடி வருவாரோ, அவருதாண்டா அந்த ஆளே"ன்னா.

முப்புடாதி. கணக்கு டிபார்ட்மெண்ட். எங்க பக்கத்துச் சாமி பேரு, நீங்க வெளியூரு, உங்களுக்குப் புதுசா இருக்கும். புளியங்குடி பஸ்ல வருவா. அதுவரைக்கும் அவ வாயத் திறந்து நான் கேட்டதில்ல. எனக்குப் புல்லரிச்சுப்போச்சு. அன்னைக்கு வீட்டுக்குப் போயி எங்க வீட்டுக்காரர்கிட்ட மூணு தடவை சொன்னேன். பாளையங்கோட்டைல ஒரு கருத்தரங்கம் வந்துச்சு, அதுல 'இளையோர் புதினமும் வகுப்பறை உரையாடலும்'னு கட்டுரை வாசிச்சேன். முப்புடாதி சொன்னதை அப்படியே மேற்கோளாப் போட்டேன், 'மாணவி ஒருவர்'னு. பேரு போடல, அந்த நாகரிகம் எனக்கு உண்டு. எல்லாரும் கை தட்டுனாங்க.

அவ என்ன சொல்றான்னு அப்பவே யோசிச்சிருக்கலாம்னு இப்ப நீங்க நெனைக்கலாம். அவ சொன்னது சரியான திறனாய்வுப் பார்வை மேடம். நாவல்ல டியூஷன் சார்தான் தெருவுக்கே பெரிய மனுஷன். நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.

அப்புறம் அசைன்மெண்ட். கடைசி அத்தியாயத்தை உங்க இஷ்டப்படி மாத்தி எழுதுங்க, பத்து மார்க்குன்னேன். நாப்பத்திமூணு பேர். திருத்துனதுல பாதிப் பேர் ரெண்டு பக்கம், டியூஷன் சாரை லாரில அடிச்சுக் கொன்னுட்டானுங்க. முப்புடாதி பதினொரு பக்கம் எழுதியிருந்தா. கையெழுத்து முத்து முத்தா இருக்கும்.

அதுல டியூஷன் சாரே இல்ல. வேணிக்கு ஒரு மாமா. அம்மாவோட தம்பி. சடங்குக்குப் பச்சைப் பட்டு எடுத்துட்டு வந்தவரு. அவரு பைக் சத்தம் தெருமுனைல கேட்டா வேணி ஆட்டுக்கு இலை ஒடிக்கப் போறேன்னு கொல்லை வழியாப் போயிருவா. ஆடு வித்துப்போன பிறகும் போவா. அம்மா திட்டுவாங்க, "மாமனுக்கு ஒரு சொம்புத் தண்ணி குடுக்கத் துப்பில்ல, எங்கடி ஓடுற"ன்னு. இப்படியே போகுது. முடிவுன்னு ஒண்ணு இல்ல. பதினோராவது பக்கத்துல பாதி வரில நிக்குது.

நான் என்ன செஞ்சேன்னு சொல்லவா? சிவப்பு மைல எழுதினேன். 'மூலக் கதையில் மாமா என்னும் பாத்திரம் இல்லை. முடிவு இல்லை. நடை நன்று.' பத்துக்கு ஆறு.

மூலத்தை ஒட்டித்தானே மேடம் எழுதணும்? விதின்னு ஒண்ணு இருக்குல்ல? மத்தவங்களுக்கு அதே விதிப்படிதான் போட்டேன், அவளுக்கு மட்டும் சலுகையா?

திருத்துன வரைக்கும் நோட்டைத் திருப்பிக் குடுத்த அன்னைக்கு மத்தியானம் இங்க வந்தா. நீங்க உக்காந்திருக்கீங்கள்ல, அந்தச் சேருக்குப் பக்கத்துல நின்னா. எனக்கு அடுத்த மணி எக்ஸாம் ஹால். கேள்வித்தாளை எண்ணிக்கிட்டு இருக்கேன். "மேடம், மார்க் ஏன் கொறஞ்சுது?"ன்னா. "மூலத்துல மாமா எங்கம்மா இருக்காரு? எங்கருந்து வந்தாரு?"ன்னு கேட்டேன். "வந்துட்டாரு மேடம்"ன்னா.

அதே வார்த்தை. வந்துட்டாரு மேடம். நான் சிரிச்சேன். "அடுத்த தடவை பாத்து எழுது"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டேன்.

மூணு நாள் ஆச்சு எனக்கு உறைக்க. வெள்ளிக்கிழமை காலைல தலைக்கு எண்ணெய் வெச்சுட்டு முற்றத்துல உக்காந்திருக்கேன், சட்டுனு அந்த ஆடு ஞாபகம் வந்துச்சு. வித்துப்போன ஆட்டுக்கு ஒருத்தி எதுக்கு இலை ஒடிக்கணும்? கற்பனைல யாருக்கும் அது வராது மேடம். பத்தொன்பது வருஷமா படிக்கிறேன், எனக்குத் தெரியும்.

காலேஜுக்கு வந்து அவளை மாடிப்படிக்குக் கீழ கூப்பிட்டேன். "முப்புடாதி, உனக்கு யாராச்சும் ஏதாச்சும்…"னு ஆரம்பிச்சேன், முடிக்க வரல. அவ தரையையே பாத்துக்கிட்டு, "எல்லாம் அதுலயே இருக்கு மேடம்"ன்னா. எதுலன்னேன். நோட்டைக் குடுத்தா. "யார்கிட்டயும் சொல்லிராதீங்க மேடம்"ன்னா. சொல்ல மாட்டேன்னேன். அந்த நேரத்துல வேற என்ன சொல்லச் சொல்றீங்க? ஆனா சொல்லாம இருக்க முடியுமா? ஆசிரியருக்குத் தெரிஞ்சா மேல தகவல் குடுக்கணும்னு சர்க்குலர் இருக்கு, நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்.

தனுஷ்கோடி சார்கிட்டப் போனேன். அவரு பதறிட்டாரு. அவரையும் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் ரெண்டு பொண்ணுங்க. "புகார்க் குழுவைக் கூட்டுவோம் மேடம், மொதல்ல வீட்டுக்குத் தகவல் சொல்லிருவோம், அதான் முறை"ன்னாரு. ஆபீஸ்ல சேர்க்கைப் படிவத்தை எடுத்தாங்க. பாதுகாவலர்னு போட்டு ஒரு நம்பர் இருந்துச்சு. அதுக்கு அடிச்சாங்க. எல்லாப் புள்ளைக்கும் அந்தக் கட்டத்துல இருக்கிற நம்பருக்குத்தான் அடிப்போம். வருகைப்பதிவு குறைஞ்சாலும் அதுதான், மயங்கி விழுந்தாலும் அதுதான். என்னைக்கும் வேற நம்பரைத் தேடுனது இல்ல.

மறுநாள் காலைல ஒருத்தர் வந்தாரு. வெள்ளைச் சட்டை, நெத்தில துண்ணூறு. பைக்கை வேப்பமரத்துக்குக் கீழ நிறுத்திட்டு, உக்காருங்கன்னு நான் சொல்ற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தாரு. பேரு கோமதிநாயகம். முப்புடாதி அம்மாவோட தம்பி.

பாக்காதீங்க மேடம் அப்படி. மாமான்னு தெரியும் எனக்கு. தெரிஞ்சுதான் பேசுனேன். எங்க பக்கத்துல எந்தப் புள்ளைக்கு மாமா இல்ல? சடங்குக்குப் பட்டு எடுக்காத மாமா உண்டா? மாத்தி எழுதுங்கன்னு நான்தானே சொல்லிக் குடுத்தேன். அவ மாத்தித்தான் எழுதியிருப்பா, நெஜத்துல வேற எவனோ, பஸ்ல வர்றவனோ, டியூஷன் எடுத்தவனோ, அவனை மறைக்கத்தான் மாமான்னு போட்டிருக்கான்னு நெனச்சேன். கதைல மாமான்னா வீட்டுலயும் மாமாவா இருக்கணுமா? அப்படிப் படிக்கிறது தப்பான படிப்புன்னு வருஷா வருஷம் நடத்துறேன் நான்.

அவரு பேசுன பேச்சு அப்படி மேடம். "அப்பன் இல்லாத புள்ள. நான்தான் தூக்கி வளத்தேன். எந்த நாயின்னு மட்டும் சொல்லுங்க டீச்சர், மத்ததை நான் பாத்துக்கறேன்"னாரு. கண்ணுல தண்ணி. நான் ஆறுதல் சொன்னேன். குடிக்கத் தண்ணி மொண்டு குடுத்தேன். நல்ல வேளை, இந்தப் புள்ளைக்கு இப்படி ஒரு ஆளாவது இருக்காரேன்னு நெனச்சேன். நோட்டையும் குடுத்தேன். என் கையாலதான்.

பக்கத்து ரூம்ல உக்காந்து படிச்சாரு. வரிக்கு வரி விரலை வெச்சு, அரை மணி நேரம். படிச்சு முடிச்சுட்டு வந்து சிவப்பு மைல நான் எழுதியிருந்ததைக் காட்டி, "இது சரியாத்தான் போட்டிருக்கீங்க"ன்னாரு. "இதை நான் கொண்டு போகலாமா? அவ அம்மாவுக்குப் படிச்சுக் காட்டணும்." கொண்டு போங்கன்னேன். ஒரு ஜெராக்ஸ் எடுத்திருக்கலாம்ல, போன்ல ஒரு போட்டோ எடுத்திருக்கலாம்லன்னு இப்ப ஆளாளுக்குக் கேக்குறாங்க. எனக்கு அப்பத் தோணல. தோணலேன்னா தோணல, என்ன செய்யச் சொல்றீங்க?

அப்புறம் அவளை வகுப்புலருந்து கூட்டிட்டு வரச் சொன்னாங்க. வந்தா. வாசல்ல நின்னா. அவரு கையில நோட்டு இருக்கு. அவ அவரைப் பாக்கல மேடம். என்னைப் பாத்தா. அழல, கோபப்படல, சும்மா பாத்தா. அவரு "வாம்மா, போலாம்"னாரு. பையை எடுத்துக்கிட்டுப் பின்னாடியே போயிட்டா.

அப்பத் தெரிஞ்சுபோச்சு எனக்கு. பைக் கேட்டைத் தாண்டல இன்னும். ஓடிப்போயி மறிச்சிருக்கலாம். மறிச்சு என்னன்னு சொல்றது? ஆபீஸ்ல எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க. நின்னுட்டேன். அந்த நிப்பை நெனச்சா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது மேடம்.

சார்கிட்ட ஓடினேன். "அவருதான் சார், அந்த ஆளுதான்"னேன். "எழுத்துல எங்க இருக்கு மேடம்?"ன்னாரு. "நோட்டுல." "நோட்டு எங்க?"ன்னாரு.

அப்படியும் விடல. பெண்கள் உதவி எண்ணுக்கு நானே போன் பண்ணேன். சாருக்குத் தெரியாம. அதுக்குத்தான் இப்ப இந்த வகுப்பை என்கிட்டருந்து பிடுங்கியிருக்காங்க, தெரிஞ்சுக்கோங்க. ரெண்டு பேர் வந்தாங்க, நல்ல பொம்பளைங்க, பொறுமையாப் பேசுனாங்க. முப்புடாதியையும் அம்மாவையும் வரச் சொன்னாங்க. அவளைத் தனியா உக்கார வெச்சுக் கேட்டாங்க. "அது கதை. மேடம் எழுதச் சொன்னாங்க, எழுதினேன். எழுதுறவளையும் கதைல வர்றவளையும் குழப்பிக்கக் கூடாதுன்னு மேடமே சொல்லியிருக்காங்க"ன்னுட்டா. ஒரு வார்த்தை மாறாம. நான் போர்டுல எழுதிப் போட்டதேதான்.

அவங்க நம்பரைக் குடுத்துட்டுப் போனாங்க. எப்ப வேணும்னாலும் கூப்பிடும்மான்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. போன் அவகிட்ட இருந்தாத்தானே கூப்பிடுவா.

அந்த அம்மா பீடி சுத்துறவங்க. வெளிய வந்து என் கையைப் பிடிச்சாங்க. "டீச்சர், தையில இவளை அவனுக்குத்தான் கட்டிக் குடுக்கப்போறோம். சின்ன வயசுலயே பேசி வெச்சது. கட்டிக்கப்போறவன் மேலயா இப்படி ஒரு பழி?"ன்னாங்க. கோபமாச் சொல்லல, கெஞ்சுனாங்க. அப்புறம் குரலை எறக்கி, "அவன் கைவிட்டா எங்களுக்கு நாதி இல்ல டீச்சர், விட்டுருங்க"ன்னாங்க. அந்த அம்மாவுக்குத் தெரியும் மேடம். தெரிஞ்ச மூஞ்சி அது.

கடைசில புகார்க் குழு கூடி என்ன எழுதுச்சு தெரியுமா? 'ஆசிரியர் மாணவியின் படைப்பைத் தவறாகப் புரிந்துகொண்டார்.' என்னைப் பாத்து. அந்த ஒரு வரி எனக்கு எவ்வளவு வலிச்சுதுன்னு யாருக்கும் புரியல. ஆமா, அவளுக்கு வலிச்சதுக்கு முன்னாடி இது என்ன பெருசு, எனக்கும் தெரியுது. இருந்தாலும் வலிக்குதுல்ல.

ஃபைலை மூடணும்னா அசைன்மெண்ட் வேணும். பழைய நோட்டு இல்ல. அதனால அவளையே வரவெச்சுப் புதுசா ஒண்ணு எழுதி வாங்கச் சொல்லிட்டாரு சார். போன திங்கக்கிழமை. படிப்பை நிறுத்திட்டு டி.சி. வாங்க வந்த அன்னைக்குத்தான். இந்த மேஜைலதான் உக்காந்து எழுதினா. அவரு வெளிய வேப்பமரத்தடியில நிக்கிறாரு. நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, அவருக்குத் தெரியாதபடி நின்னுக்கிட்டுக் கேட்டேன். "உனக்கு வேற ஏதாச்சும் எழுதணும்னா எழுதும்மா. நான் பத்திரமா வெச்சுக்கிறேன். சத்தியமா இந்தத் தடவை யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்." அவ தலையத் தூக்கவே இல்ல. ரெண்டு பக்கம் எழுதினா. வேணி கபடில ஜெயிக்கிறா, எல்லாரும் கை தட்டுறாங்க, சுபம். டியூஷன் சார்கூடக் கிடையாது, யாரும் யாரையும் ஒண்ணுமே பண்ணல. நீட்டிட்டு, "மாமாவை எடுத்துட்டேன் மேடம், சரியா இருக்கா பாருங்க"ன்னா. குத்திக் காட்டல மேடம், நெஜமாவே கேட்டா. அதான் எனக்குத் தாங்கல.

பத்துக்குப் பத்து போட்டேன். டி.சி. வாங்கிட்டா, அந்த மார்க் எங்கயும் ஏறாது. போன்ல ரெண்டு தடவை முயற்சி பண்ணேன், அவருதான் எடுக்கிறாரு. "நல்லா இருக்கா டீச்சர், கல்யாணத்துக்கு வந்துருங்க"ங்கறாரு. நான் போனை வெச்சுட்டேன். இன்னும் இருபத்திரெண்டு நாள் இருக்கு. நீங்க ஏதாச்சும் சொல்லுங்களேன். என்ன செய்யலாம்னு உங்களுக்குத் தோணுது? அவளுக்குப் பத்தொன்பது வயசு, மேஜர், அவளே இல்லைங்கறா. நான் யாரு?

சரி, விடுங்க. உங்ககிட்ட ஒப்படைக்க வேண்டியதைப் பாப்போம். இது வருகைப்பதிவேடு. இது பாடத்திட்டம். அந்த நாவலை இனிமே நடத்த வேண்டாம்னு சார் சொல்லிட்டாரு, அதுக்குப் பதிலா கட்டுரை, இலக்கணம் எடுங்க.

அப்புறம் இந்தக் கட்டு. அசைன்மெண்ட் நோட்டுதான். பதிவெண் வரிசையாத் திருத்திக்கிட்டு வந்தேன். முப்புடாதி இருபத்தாறு. அதோட நின்னுபோச்சு. மிச்சம் பதினேழு இருக்கு, அதுல பதினொண்ணு பொண்ணுங்க நோட்டு. மேல இருக்கிறதை ஒருநாள் லேசாப் பிரிச்சேன். மொத வரிலயே ஒரு அண்ணன் வர்றான். நாவல்ல வேணிக்கு அண்ணன் கிடையாது மேடம். மூடிட்டேன்.

நீங்க பாத்து மார்க் போட்டுருங்க. என்னால முடியல.